கள்ளி வேலியும் என் ஓட்டமும்

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து வெளியே வந்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் சாமி படம் வரும், மதியம் முழங்கால் வலிக்குக் கைவைத்தியம் வரும், பொழுது சாய்ந்தால் என்னைக் கேலி செய்வார்கள். போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. திருத்தங்கல் பக்கம் ஒரு நர்சரியில் எடுத்ததாம். வெள்ளைத் தொட்டி, மேலே கூழாங்கல் பரப்பி, நடுவில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது ஒரு கொம்புக்கள்ளி. இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. பென்சில் பருமனில் பச்சைக் குச்சி குச்சியாகக் கிளைத்துக்கொண்டே போகும், ஒடித்தால் பால் கொட்டும், அந்தச் செடிதான். சிலர் திருகுகள்ளி என்பார்கள். நர்சரிக்காரர் அதற்கு 'பென்சில் செடி' என்று பெயர் வைத்து, வரவேற்பறையில் வைக்க ஏற்றது என்று சிபாரிசும் செய்திருக்கிறார்.

படத்துக்குக் கீழே பேச்சியக்கா குரல் பதிவு போட்டாள். "ஏலே மாரிமுத்து, ஒஞ்சொந்தக்காரன் குளிச்சு முழுகி உக்காந்திருக்கான் பாரு. பாத்தவொடனே நீ எந்திரிச்சு ஓடிறாத!"

அவ்வளவுதான். குழு பற்றிக்கொண்டது. நான் அன்றைக்கு வேப்பமரம் வரை ஓடினேன் என்கிறார் ஒருவர். நாரணாபுரம் பஸ் ஸ்டாப் வரை ஓடினான் என்கிறார் இன்னொருவர். பஸ்ஸில் ஏறி டிக்கெட்டே எடுத்துவிட்டான், கண்டக்டர் சாட்சி என்கிறார் மூன்றாமவர். ஓடினவன் நான். உயிரோடு இருக்கிறேன். என்னிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செடிகள் மேல் உள்ள ஆசையால் நான் கள்ளி வளர்க்கவில்லை. மருந்து அறை மேல் உள்ள பயத்தால் வளர்த்தேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் காட்டுவேலைக்குப் போனவர்கள். மழை ஏமாற்ற ஏமாற்ற, ஒவ்வொருவராகப் பட்டாசுக்கு வந்தோம். நான் முதலில் பெட்டி ஒட்டினேன், பிறகு வெடிகளை வெயிலில் காயவைத்தேன், பிறகு லோடு ஏற்றினேன். அதுவரை ஒரு குறையும் இல்லை. ஆள் கெட்டி, வாய் கெட்டி என்று பெயர் எடுத்து, அந்தப் பெயராலேயே மாட்டிக்கொண்டேன். "இவன் தைரியசாலி" என்று யாரோ சொல்லப்போய், என்னை வெடிமருந்து கலக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த அறை தனியாக நிற்கும். சுற்றிலும் மண்மேடு. வாசலில் ஒரு பித்தளைத் தகடு. அதை உள்ளங்கையால் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பருத்தித் துணி மட்டும் உடுத்த வேண்டும். வெறுங்கால். இரும்பு என்று ஒரு ஊசிகூடக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. அதன்மேல் உட்கார்ந்து, குழந்தைக்குப் பவுடர் பூசுகிற மாதிரி மெல்ல, தேய்க்காமல், இடிக்காமல், மருந்தைச் சலித்துக் கலக்க வேண்டும். மற்றவர்கள் செய்தார்கள். நானும் செய்தேன். என்ன, நான் சலிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சல்லடையைக் கையில் பிடித்தால் போதும், அது தானாகவே சலித்துக்கொள்ளும். கை நடுக்கம் அப்படி.

அதைக் கண்டுபிடித்தவர் போர்மேன் குருசாமி அண்ணாச்சி. அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், அவரே நிதானமான மனிதர்தான். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பட்டாசுக் கம்பெனியில் சத்தம் போட்டுப் பேசுவது என்றால் ஒரே அர்த்தம்தான்: எங்கோ பற்றிக்கொண்டது. அதனால் அண்ணாச்சி தூரத்திலிருந்து யாரையும் கூப்பிட மாட்டார். நடந்து வந்து, பக்கத்தில் நின்று, தொண்டையை ஒரு முறை செருமுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். மிகப் பெரிய கோபம் என்றால் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். அவர் வாயைப் பார்த்தே திட்டு வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தோம்.

அவர் எங்களுக்குக் கற்றுத் தந்த சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவன் ஓடுவதைப் பார்த்தால் ஏன் என்று கேட்காதே. கையில் இருப்பதை மெல்லக் கீழே வை. எழுந்திரு. ஓடு. காரணத்தை வேப்பமரத்தடியில் கேட்டுக்கொள்ளலாம். கம்பெனிக்கு வெளியே, புல்வெளி தாண்டி ஒரு வேப்பமரம் நின்றது. அதுதான் எல்லாரும் போய்ச் சேர வேண்டிய இடம்.

ஒருநாள் அவர் மருந்து அறை வாசலில் வந்து நின்று செருமினார்.

"கை ஆடுதுலே."

"குளிருது அண்ணாச்சி."

"சித்திரை மாசத்துலயா?"

பல்லும் சேர்ந்து ஆடத் தொடங்கியிருந்தது.

அவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். அறைகளுக்குப் பின்னால் எல்லை வரை தரிசு. அதற்கு அப்பால் ஆடு மேய்க்கிற புல்வெளி. கோடையில் புல் காய்ந்து கிடக்கும். போகிற வருகிறவர்கள் பீடியைப் போட்டால் போதும். ஆடுகளோ உள்ளே புகுந்து, காயவைத்த சரத்தின்மேல் படுத்து அசை போடும். அறைகளுக்குப் பக்கத்தில் கடப்பாரை போட்டு இரும்புக் கம்பி வேலி நட அண்ணாச்சிக்கு மனசில்லை.

"அங்கன ஒரு வேலி வேணும். ஆடு கடிக்கக் கூடாது, தீ பிடிக்கக் கூடாது, கம்பியும் கூடாது. கள்ளி வளத்துக் குடு. வந்துட்டா நீ வேலிக்காரன். வரலைன்னா..." என்று நிறுத்தி, மருந்து அறையைப் பார்த்தார்.

என் வாழ்க்கையிலேயே நான் ஒரு வேலையை அவ்வளவு ஆசையாக ஒப்புக்கொண்டதில்லை. "மலையையே வளத்துத் தாறேன் அண்ணாச்சி!" என்றேன். அவர் உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று இங்கே எழுத முடியாது.

அன்றைக்கே கள்ளி தேடிப் போனேன். காரியாபட்டிப் பக்கம் ஒரு காட்டோரத்தில் வேலி முழுக்க கள்ளி. வண்டி நிறைய வெட்டிக்கொண்டு வந்து, அன்று மாலைக்குள் கரிசல் மண்ணில் ஊன்றி, தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். பயம் பிடித்தவன் ஊற்றுகிற தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் ஒரு தடவை, சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை, மருந்து அறைப் பக்கம் பார்வை போகும்போதெல்லாம் ஒரு தடவை.

கொஞ்ச நாளில் குச்சிகள் அடியில் மஞ்சளடித்தன. பிறகு பழுப்பு. தொட்டால் வாழைப்பழம் மாதிரி அமுங்கின. இழுத்துப் பார்த்தால், வேர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கூழ். நாற்றம் தாங்கவில்லை. பேச்சியக்கா திரி வெட்டுகிற அறையிலிருந்து சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் எனக்கு முன்பே கம்பெனிக்கு வந்தவள், வாயில் சரவெடி வைத்திருப்பவள்.

"என்னலே, பாலைவனத்துச் செடிய முங்க வச்சே கொன்னுட்டியே! நாளைக்கி மீனை எப்பிடிக் கொல்லப் போற, வெயில்ல காயப்போட்டா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகியதை எல்லாம் பிடுங்கி, கூடையில் அள்ளி, பழைய சுவர் இடித்த செங்கல் குவியல் ஒன்று இருந்தது, அதன்மேல் கொட்டப் போனேன். மனசுக்குள் சல்லடை ஆடிக்கொண்டிருந்தது. கொட்டப் போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

முதல் நாள் நட்டதுபோக மிஞ்சிய குச்சிகளை நான் அந்தக் குவியல் மேல்தான் வீசியிருந்தேன். ஒருத்தரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலில் கிடந்தன. அவை நிமிர்ந்து நின்றன! படுத்துக் கிடந்த குச்சிகள் நுனியை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கினேன், வரவில்லை. செங்கல் சந்துக்குள் வெள்ளை வேர் விட்டிருந்தது. நுனியில் பச்சை மொட்டு மாதிரி புதுக் குச்சி. நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன். உடனே இரண்டு அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். 'ஓட வேண்டிய குதியா, சும்மா குதியா?' என்று சைகையில் கேட்டார்கள். சும்மா குதிதான் என்று கையைக் காட்டினேன்.

நான் சீராட்டியது செத்தது, தூக்கி எறிந்தது பிழைத்தது. அந்தச் செடியோடு பழகுகிற விதம் அன்றைக்குப் புரிந்தது. அதன்பிறகு நான் செய்த முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். நர்சரியில் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

முற்றின குச்சியாக, முழங்கை நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டியவுடன் வெட்டுவாயைத் தண்ணீரில் முக்கினால் பால் நிற்கும். உடனே நடக்கூடாது. நிழலில், காற்றுப் படும்படி பரப்பிவைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஆகலாம், கூடவும் ஆகலாம். அவசரக்காரனுக்கு இங்கேதான் தோல்வி. கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் வரப்பு மாதிரி மேடு கட்டி, அதில் உடைத்த செங்கலும் மணலும் பாதிக்குமேல் கலக்க வேண்டும். ஆழமாக ஊன்றக்கூடாது, நிற்கிற அளவுக்கு ஊன்றி ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தால் போதும். தலை கனமாகி காற்றில் சாயும் செடி இது. புதுத் துளிர் வரும்வரை தண்ணீர் காட்டவே கூடாது. வந்த பிறகும், விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, அடிவரை காய்ந்திருந்தால்தான். குச்சி சுருங்கினால் தாகம், அமுங்கினால் அழுகல். இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுகினதற்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்தான் அதிகம். வெயில் எவ்வளவு பட்டாலும் நல்லது. கவாத்து செய்வதென்றால் மழை இல்லாத நாளில்.

கவாத்துதான் எங்களுக்குத் தலைவலி. வேறு எங்கேயும் அரிவாளை எடுத்து நாலு போடு போட்டுவிடுவார்கள். எங்கள் வளாகத்துக்குள் இரும்பு அரிவாள் நுழையக் கூடாது. எனக்குக் கொடுத்தது ஒரு பித்தளைக் கத்தி. பித்தளைக்குக் கூர் நிற்காது. கள்ளிப்பால் காய்ந்து ஒட்டிக்கொண்டால் அது கத்தியில்லை, கரண்டி. ஆகவே தடித்த கிளையைக் கத்தியால் அறுப்பேன், மெலிந்ததைக் கையால் ஒடிப்பேன். அறுத்தால் பால் வழியும். ஒடித்தால் தெறிக்கும். பால் தோலில் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. நீளக் கை சட்டை, கையுறை, கண்ணாடி, காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பது, கையை முகத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பது என்று ஒரு பெரிய சடங்கே வைத்திருந்தேன். பார்ப்பவர்களிடம் எல்லாம் அதைப் பிரசங்கம் செய்தேன். "கண்ணுல பட்டுச்சுன்னா பதறக் கூடாது. ஓடக் கூடாது. நின்ன எடத்துல தண்ணியில கழுவணும்." இந்தப் பிரசங்கத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வேலி வளர்ந்தது. இடுப்பு உயரம், பிறகு நெஞ்சு உயரம். நெருக்கமான பச்சை. கோடையில் நுனி மட்டும் லேசாகச் சிவக்கும். மாலை வெயிலில் பார்த்தால் ஒரு பெரிய பூவாணம் பச்சையாக எரிந்துகொண்டிருப்பது போல இருக்கும். ஆடுகள் வந்து முகர்ந்துபார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே குறை: அண்ணாச்சி ஒவ்வொரு அறைக்கும் நேர் எதிரே வேலியில் ஒரு சந்து விடச் சொல்லியிருந்தார். இரண்டு ஆள் தோளோடு தோள் போகிற அகலம்.

"அண்ணாச்சி, வேலின்னா வேலியா இருக்கணும். இது பல்லு போன கெழவி மாதிரி இருக்கு" என்றேன்.

"ஓடுறவனுக்குக் குறுக்க கள்ளி நிக்கக் கூடாதுலே."

"சந்து வழியா ஆடு வருதே?"

"அதுக்குத்தான ஒனக்குச் சம்பளம்."

முதலாளிக்கும் சந்து பிடிக்கவில்லை. ஆடு உள்ளே வருகிறது, வேலியை முழுசாக அடை என்றார். அடைத்தால் அண்ணாச்சி என்னை மருந்து அறைக்கு அனுப்புவார். அடைக்காவிட்டால் முதலாளி அனுப்புவார். இரண்டு கையிலும் சல்லடை. யோசித்து யோசித்து, ஒரு நாள் பனையோலைக் கூடைகளை வாங்கினேன். அதில் செங்கல் தூளும் மணலும் கொஞ்சமாகப் போட்டு, கள்ளி நட்டு, வளர்ந்ததும் சந்துகளில் வரிசையாக வைத்தேன். ஆட்டுக்கு அது வேலி. ஆளுக்கு அது கூடை. ஒரு உதை விட்டால் உருளும்.

அண்ணாச்சி வந்து பார்த்தார். செருமினார். காலால் ஒரு கூடையைத் தள்ளினார். அது உருண்டு போய் ஓரமாகப் படுத்தது. இன்னொன்றைத் தள்ளினார். அதுவும் படுத்தது. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் அகராதியில் அது பொன்னாடை.

இனி, அந்த நாள்.

தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது, எல்லா அறையிலும் ஆள். வேலி தலைக்குமேல் போய்விட்டது, அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை, குறைத்துவிடு என்றார் அண்ணாச்சி. என் சடங்கு முழுவதையும் முடித்துவிட்டுத்தான் தொடங்கினேன். சட்டை, கையுறை, கண்ணாடி, முதுகில் காற்று. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற வேர்வையில் கண்ணாடி மங்கியது. ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். இமையில் வேர்வை. கையால் துடைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால் கையால் துடைக்கவில்லை. சட்டைக் கையால் துடைத்தேன். காலையிலிருந்து அத்தனை பாலையும் குடித்திருந்த சட்டைக் கை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது பெரிதாக ஒன்றும் எரியவில்லை. சீயக்காய் பட்ட மாதிரி ஒரு சுருக்கு, அவ்வளவுதான். ஆனால் இனிமேல் எரியப் போகிறது, கண் போகப் போகிறது, கண் இல்லாதவனுக்கு வேலி எதற்கு என்று என்னை மருந்து அறையில் உட்கார வைக்கப் போகிறார்கள் என்று ஒரே மூச்சில் எல்லாம் தோன்றிவிட்டது. கண் தெரியாமல் மருந்து சலிக்கிறேன்! கத்தியைப் போட்டேன். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன்.

"அய்யய்யோ, போச்சு! போச்சு!"

ஓடினேன்.

பட்டாசுக் கம்பெனியில், சீசன் நேரத்தில், அறைகளுக்கு நடுவே ஒரு ஆள் 'போச்சு' என்று கத்திக்கொண்டு ஓடினால் என்ன நடக்க வேண்டுமோ அது நடந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மெல்லக் கீழே வைத்தார்கள். எழுந்தார்கள். ஓடினார்கள்.

கண்ணை மூடியிருந்தாலும் என் வேலி எனக்குப் பாதத்திலேயே தெரியும். செங்கல் தூள் காலில் குத்துகிற இடம் வரப்பு, குத்தாத இடம் சந்து. சந்தில் நுழைந்து, கூடையை உதைத்து, புல்லில் இறங்கினேன். அப்போதுதான் கேட்டது. எனக்குப் பின்னால் தபதபவென்று காலடிகள். ஒன்றல்ல, பத்தல்ல, கம்பெனி முழுவதும்!

நான் என்ன நினைத்திருப்பேன்? எனக்குப் பின்னால் நிஜமாகவே ஏதோ அறை பற்றிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பேர் சும்மாவா ஓடுவார்கள்? அதுவரை கண்ணுக்காக ஓடியவன், அதன்பிறகு உயிருக்காக ஓடினேன். நான் வேகம் பிடித்ததைப் பார்த்து அவர்களும் வேகம் பிடித்தார்கள். அவர்கள் வேகத்தைக் கேட்டு நான் இன்னும். வேப்பமரம் குறுக்கே வராமல் இருந்திருந்தால் விருதுநகர் போயிருப்போம். மரம் வந்தது. நெற்றியில் வந்தது.

விழுந்து கிடந்தேன். சுற்றிலும் மூச்சிரைப்பு. ஒரு ஓரத்தில் யாரோ அழுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, நிதானமான காலடி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. செருமல்.

"எந்த அறைலே?"

"எந்த அறை அண்ணாச்சி?"

"நான் ஒன்னையக் கேட்டேன்."

"எனக்கெப்படித் தெரியும்? எல்லாரும் ஓடியாந்தாங்களே!"

"நீதானலே முன்னாடி ஓடின?"

"எனக்குக் கண்ணுல பால் பட்டிருச்சு அண்ணாச்சி!"

அவர் உதடு அசைந்திருக்கும். நல்லவேளை எனக்குக் கண் தெரியவில்லை. அடுத்த நொடியே பிடரியைப் பிடித்துத் தூக்கி, மரத்தடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் என் தலையைச் சாய்த்தார். "பேச்சி, இமையை விரிச்சுப் பிடி. மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமா ஊத்து. நிறுத்துன்னு சொல்லுறவரைக்கும் நிறுத்தாத."

கூட்டத்தில் யாரோ, விளக்கெண்ணெய் விட்டால் குளிரும் என்றார்கள்.

"தண்ணி மட்டும்" என்றார் அண்ணாச்சி.

பேச்சியக்கா ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே திட்டினாள். "பாவி! என் கையில திரிக்கட்டு. பூனைக்குட்டிய எறக்குற மாதிரி எறக்கி வச்சிட்டுல்ல ஓடியாறேன். எம்பிள்ளைக மொகமெல்லாம் கண்ணுக்குள்ள வந்து போச்சு. நீ என்னன்னா வேர்வைய வழிச்சுட்டு வந்து நிக்க! கண்ணைத் தொறலே, தொற. இம்புட்டு முழி முழிக்கிறவனுக்குத் தொறக்க வலிக்குதோ?"

ஊற்றுகிற கை நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் தெரியும்.

கூடைகளை உதைத்ததில் சிலருக்குக் காலில் பால் பட்டிருந்தது. அவர்களையும் வரிசையாக நிற்க வைத்துக் கழுவச் செய்துவிட்டு, அண்ணாச்சி என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கள்ளிப்பாலின் குணம் அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. கண்ணுக்குள் மிளகாய் அரைத்தது போல எரிந்தது. நான் பயந்ததற்குக் கொஞ்சமாவது நியாயம் கிடைத்தது என்று ஒரு சின்னத் திருப்தி. மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கட்டுப் போட்டு, "உடனே நல்லாக் கழுவியிருக்காங்க, அதுதான் காப்பாத்தும். பார்வை கொஞ்ச நாள் மங்கலா இருக்கும், பொறுமையா இருங்க" என்றார். பொறுமை! என்னிடம்!

கட்டோடு படுத்திருந்தபோது பேச்சியக்கா பார்க்க வந்தாள். அவள் கொண்டு வந்தது ஆரஞ்சுப் பழமும் ஒரு சேதியும்.

"மொதலாளி வேலியப் பிடுங்கச் சொல்லிட்டாருலே. ஆபத்தான செடி, வேண்டாம்னுட்டாரு."

ஆரஞ்சு கையிலிருந்து உருண்டது. வேலி போனால் வேலிக்காரன் எதற்கு? கட்டுக்குள்ளே, இருட்டில், மருந்து அறை வாசல் தெரிந்தது. பித்தளைத் தகடு தெரிந்தது. வேறெதுவும் தெரியாதவனுக்கு அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அன்று முழுவதும் கை ஆடியது. செல்வி, என் மனைவி, காப்பியைக் கையில் கொடுக்காமல் ஸ்பூனால் ஊட்டினாள்.

மறுநாள் நான் அவளிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். "கரிசல்ல கள்ளி கொண்டாந்தவன் நான். ஒவ்வொரு குச்சியும் தோல் கட்டுற வரைக்கும் நான் கட்டிலுக்கு அடியில வச்சுக் காத்தேன். அந்த மனுசன் ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கக் கூடாதா? அது வாயா, இல்லை கொழுக்கட்டையா?"

பக்கத்தில் ஒரு செருமல்.

"எப்ப வந்தீக அண்ணாச்சி?"

"கொழுக்கட்டைக்கு முந்தி."

செல்வி சிரிப்பை அடக்க எழுந்து போனாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

"மொதலாளியக் கூட்டிட்டுப் போய் வேலிச் சந்தெல்லாம் காட்டினேன். ஒவ்வொரு சந்துலயும் கூடை உருண்டு கெடக்கு. வேலியில ஒரு குச்சி ஒடியலை. ஒருத்தன் விழலை. அறைக்குள்ள போய்ப் பாத்தோம். மருந்து ஒரு சிட்டிகை சிந்தலைலே. அம்புட்டும் மெதுவா எறக்கி வச்சுட்டுப் போயிருக்காக. இம்புட்டு வருசமா நான் மணி அடிச்சுப் பழக்குறேன். மணி அடிச்சா சேலையச் சொருகிக்கிட்டு, பேசிக்கிட்டு, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி போறாக. நான் மண்மேட்டுல இருந்து எறங்குறதுக்குள்ள அன்னைக்கி ஒருத்தர் உள்ள இல்லை."

"அப்ப வேலி?"

"நிக்கிது."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு வேலை கூட இருக்கு. மணிய யாரும் நம்ப மாட்டேங்காக. நீ ஓடினா நம்புறாக. மாசத்துல ஒரு நாள், என்னைக்குன்னு எங்கிட்டயும் சொல்லாத. ஓடு."

"எனக்கு நடிக்க வராதே அண்ணாச்சி."

"நடிக்க வேண்டாம். மருந்து அறைய நெனச்சுக்கோ."

இப்படியாக, பயந்து ஓடுவதற்கென்றே வேலையில் வைக்கப்பட்ட ஒரே மனிதன் நான்தான். பார்வை திரும்பியது. கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றால் முதலில் கையுறை, சட்டை இரண்டையும் கழற்றுவது, தொட்டியில் கை கழுவுவது, அதற்குப் பிறகுதான் முகம் என்று சடங்கில் ஒரு அத்தியாயம் சேர்ந்தது. வேலி ஓரமாக இன்னும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் வந்தன. மாதம் ஒரு நாள் நான் கத்திக்கொண்டு ஓடுவேன். பொய் ஓட்டம்தான் என்று யாரும் உட்கார்ந்துவிடவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அப்படி உட்காரத் தோன்றாது. ஒவ்வொரு தடவையும் நான்தான் முதலில் வேப்பமரத்தைத் தொடுவேன். ஒவ்வொரு தடவையும் பேச்சியக்கா இரண்டாவதாக வந்து, மூச்சு வாங்கித் திட்டுவாள்.

ஓய்வு பெற்ற நாளிலும் ஓடினேன். வயதாகியும் கம்பெனி விடாததால் அண்ணாச்சியும் அங்கேதான் இருந்தார். மாலை மரியாதை எல்லாம் சாயங்காலம். அதற்கு முன்பே ஒரு ஓட்டம் ஓடிவிடலாம் என்று தோன்றியது. "போச்சு!" என்று கத்தினேன். எல்லாரும் வந்தார்கள். நானும் சந்தில் நுழைந்தேன். அங்கே, அன்றைக்கு என்னை முந்திப் போன யாரோ உதைத்த கூடை ஒன்று தலைகீழாகக் கிடந்தது. மண் கொட்டி, வெள்ளை வேர் வெயிலில். நின்றேன். கூடையை நிமிர்த்தினேன். மண்ணை அள்ளிப் போட்டு, செடியை ஊன்றி, ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தேன். அடுத்த கூடையும் சாய்ந்திருந்தது. அதையும் நிமிர்த்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நடந்தே வேப்பமரத்துக்குப் போனேன். மொத்தக் கூட்டமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி என் எதிரே வந்தார். செருமவில்லை.

"கடைசி ஆளு நீயாலே?"

"கூடை சாஞ்சு கெடந்துச்சு அண்ணாச்சி. வேர் காஞ்சிரும்லா?"

அவர் முகம் சிவந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து சத்தம் வந்தது. அது சாதாரணச் சத்தமில்லை, லட்சுமி வெடி.

"நெசமா வெடிச்சிருந்தா என்னலே பண்ணியிருப்ப?"

குருசாமி அண்ணாச்சி கத்திவிட்டார். அதற்கு ஒரே அர்த்தம்தானே இருக்க முடியும்? யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கூட்டம் திரும்பி, வேப்பமரத்தைத் தாண்டி, ரோட்டைப் பார்த்து ஓடியது. இந்தத் தடவை நான்தான் முதலில்.

நாரணாபுரம் பஸ் ஸ்டாப் கதை அதுதான். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றதும் உண்மை, நான் ஏறியதும் உண்மை. டிக்கெட் மட்டும் நான் எடுக்கவில்லை. எனக்குப் பின்னாலேயே ஏறிய பேச்சியக்காதான் எடுத்தாள், இரண்டு பேருக்கும் சேர்த்து.